மண்புழுவுக்குத்தானே போகுது, டீச்சர்

சத்துணவுத் தட்டில் பாதிக்கு மேல் மீந்திருந்த சாம்பார் சாதத்தைப் பச்சை வாளியில் தட்டிவிட்டுத் திரும்பிய ஆறாம் வகுப்பு மாணவனை நிறுத்தி, ஏன் இவ்வளவு மீத்தாய் என்று கேட்டேன். அவன் சிறிதும் தயங்காமல், ‘மண்புழுவுக்குத்தானே போகுது, டீச்சர்’ என்றான். முகத்தில் குறும்பு எதுவும் இல்லை. ஐந்து மாதங்களாக நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததையே அவன் எனக்குத் திருப்பிச் சொன்னான். குப்பை என்று எதுவுமில்லை, எல்லாம் உரமாகும் என்று நாள்தோறும் சொல்லிவந்தவள் நான். அப்படியென்றால் சோற்றை வாளியில் கொட்டுவதில் என்ன தவறு இருக்க முடியும் என்று அவன் முடிவுசெய்துகொண்டான். குப்பையைக் குறைக்கக் கற்றுத்தர வேண்டும் என்று தொடங்கிய தோட்டம், குப்பை சேர்ப்பதற்கு ஒரு நியாயத்தைக் கற்றுத்தந்துவிட்டது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

நான் பணியாற்றுவது புதுக்கோட்டை மாவட்டத்தின் செம்மண் பகுதியில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஒன்று முதல் எட்டு வரை 112 பிள்ளைகள் படித்தார்கள். 2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயலில் பள்ளியின் பின்புறம் நின்றிருந்த இரண்டு வேப்ப மரங்களும் ஒரு புளிய மரமும் வேரோடு சாய்ந்தன. அதன்பின் அந்த இடம் வெயில் நேராக விழும் கட்டாந்தரையாகக் கிடந்தது. கொரோனா விடுமுறை முடிந்து 2021 நவம்பரில் தொடக்க, நடுநிலை வகுப்புகள் திறந்தபோது அங்கே கருவேலமும் பார்த்தீனியமும் இடுப்பளவு வளர்ந்திருந்தன. மரம் போன இடத்தில் வெயில் வந்திருக்கிறது, காய்கறிக்கு வெயில்தானே வேண்டும் என்ற எண்ணத்தில், 2022 ஜூனில் பள்ளி திறந்ததும் ஏறத்தாழ மூன்று சென்ட் இடத்தைப் பெற்றோர்கள் சிலருடன் சேர்ந்து திருத்தினோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல்லுக்கு ஏற்ப ஆடியில் வெண்டையும் கத்தரியும் கொத்தவரையும் போட்டோம். வேலியோரம் அவரையும் பீர்க்கும் ஏற்றினோம். பாத்திகளுக்கு இடையே வெறுமையாக மண் கிடக்க வேண்டாம் என்று, எங்கள் மாவட்டத்து வம்பனில் உள்ள பயறு ஆராய்ச்சி மையம் வெளியிட்ட வம்பன் 8 உளுந்தை விதைத்தோம்.

உரத்துக்குக் குழி ஒன்றும் வெட்டினோம். முதல் தவறு அந்தக் குழியில்தான் நடந்தது. சத்துணவுக் கூடத்தில் மீந்த சோறு, சாம்பார், காய்கறித் தோல், முட்டை ஓடு எல்லாவற்றையும் வேறுபாடில்லாமல் அதில் கொட்டினோம். பத்தாம் நாள் மூன்றாம் வகுப்பில் உட்கார முடியவில்லை, அவ்வளவு நாற்றம். ஈ மொய்த்தது, எலி வந்தது, எலியைத் தேடிக்கொண்டு சாரைப் பாம்பும் வந்தது. பெற்றோர் ஒருவர் நேரில் வந்து, பிள்ளைகளைப் படிக்க அனுப்பினோமா, குப்பைமேட்டுக்கு அனுப்பினோமா என்று கேட்டபோது பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த நாற்றத்துக்கு மருந்தாக இருந்த பொருளை அதே வளாகத்தில் தினமும் காலையில் எரித்துக்கொண்டிருந்தோம். முன்புறம் நிற்கும் புங்கையும் வாகையும் உதிர்க்கும் சருகைப் பெருக்கிக் கூட்டி, மணி அடிப்பதற்கு முன் தீ வைப்பது பல ஆண்டுகளாக நடந்துவந்த வழக்கம். சோறும் காய்கறித் தோலும் ஈரமும் தழைச்சத்தும் மிகுந்தவை; சருகில் இருப்பது பெரும்பாலும் கரிமம். கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 30க்கு 1 என்ற அளவில் சேர்ந்தால்தான் நுண்ணுயிர்கள் காற்றை உள்ளிழுத்துக்கொண்டு ஒழுங்காக வேலை செய்யும். ஈரம் மட்டும் மிகுந்தால் காற்றுப் புகாமல் அழுகிப்போகும். இதை நான் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். இருந்தும் குழியின் முன் நின்றபோது நினைவுக்கு வரவில்லை. தூய்மைப் பணியாளரிடம் பேசி எரிப்பதை நிறுத்தி, ஒரு வாளி ஈரக் குப்பைக்கு மூன்று கூடை சருகு என்று கணக்கு வைத்துக்கொண்டோம். சாலையோரத் தைலமரச் சருகை மட்டும் சேர்க்கவில்லை. அது எளிதில் மக்காது, அதிலுள்ள எண்ணெய்ப் பசை செடிக்கும் ஆகாது. நடைபாதையில் பரப்புவதற்கு அது போதும்.

குழியைக் கைவிட்டு, கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் உறை இரண்டை வாங்கி நிழலில் வைத்து, மேலே வலை மூடினோம். ஈரம் சரியா என்று பார்க்கப் பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன்: கையில் அள்ளிப் பிடித்தால் பிடிகொழுக்கட்டை போல நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. சூடு ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு முழ நீள இரும்புக் கம்பியை நடுவில் செருகிவைத்து, கால் மணி நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்ப்பார்கள். சரியாக மக்கும்போது உள்ளே 55 பாகை செல்சியசுக்கு மேல் போகும். முதல்முறை அந்தக் கம்பியைத் தொட்ட நான்காம் வகுப்புச் சிறுமி கையை உதறிக்கொண்டு, ‘அடுப்பே இல்லாம சுடுது’ என்று கத்தியது வளாகம் முழுக்கக் கேட்டது. அன்று நுண்ணுயிரிகளைப் பற்றி நான் தனியாகப் பாடம் நடத்தவில்லை, தேவைப்படவில்லை.

மண்புழு விட்டதிலும் ஒருமுறை தோற்றோம். இரண்டு கிலோ புழுவைக் காசு கொடுத்து வாங்கிவந்து, ஆர்வக்கோளாறில் இன்னும் சூடு ஆறாத, சாம்பாரின் உப்பும் புளியும் ஊறிய குவியலில் விட்டோம். மறுநாள் காலையில் உறையின் விளிம்பில் அவை காய்ந்து ஒட்டிக் கிடந்தன; மிச்சத்தை எறும்பு இழுத்துக்கொண்டிருந்தது. அடுத்த முறை சாணக் கரைசல் தெளித்து இருபது நாள் ஆறவிட்டு, உறையைச் சுற்றி நீர் நிற்கும்படி சிறு வாய்க்கால் கட்டிய பிறகே புழு விட்டோம். சமைத்த உணவையும் அதில் போடுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டோம். காய்கறித் தோலும் வாழைப்பழத் தோலும் காகிதமும் புழுவுக்கு; மீந்த சோறு, பக்கத்து வீட்டுக்காரர் மாட்டுக்கு வைத்திருக்கும் கழுநீர்ப் பானைக்கு; முட்டை கலந்தது மட்டும் தனியாக, சருகு மிகுந்த உறைக்கு. ஊரில் மாடு வைத்திருப்பவர் இருக்கும்வரை சோற்றை மக்கவைக்கப் பாடுபடுவது வீண் வேலை என்பது என் கருத்து. கழுநீர்ப் பானை நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்துவந்த வேலை அது.

இப்படியெல்லாம் சீராக நடக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த மாணவன் என்னிடம் அப்படிச் சொன்னான். அதுவரை வாளியில் எவ்வளவு விழுகிறது என்பதை நான் பார்த்ததே இல்லை. விழுந்த பிறகு அதற்கு என்ன ஆகிறது என்பதில்தான் என் கவனம் முழுவதும் இருந்தது. மறுநாள் ஒரு தொங்கு தராசைக் கொண்டுவந்து வாளியை நிறுத்தோம். வாளியின் எடை போக ஆறு கிலோ இருந்தது. ஆறு கிலோ என்றால் எவ்வளவு என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை. உண்மையில் எனக்கும் புரியவில்லை. எட்டாம் வகுப்பைச் சத்துணவுக் கூடத்துக்கு அழைத்துப்போய், ஒரு கிலோ அரிசி வெந்தால் எவ்வளவு சோறு ஆகிறது என்று நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. அப்படியானால் வாளியில் இருந்தது ஏறத்தாழ இரண்டு கிலோ அரிசி. தொடக்க வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி என்பது கணக்கு. பலகையில் வகுத்துப் பார்த்த மாணவி 20 என்று எழுதிவிட்டு, சுண்ணக்கட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் வகுப்பில் படித்தவர்கள் 19 பேர்.

இதற்கு நான் கண்டுபிடித்த தீர்வு, இன்றைக்கும் நினைத்தால் வெட்கம் தரக்கூடியது. வகுப்புவாரியாக எடை போட்டு அட்டவணை ஒட்டினேன். குறைவாக மீதம் வைக்கும் வகுப்புக்கு மாதக் கடைசியில் பரிசு என்று அறிவித்தேன். இரண்டே வாரத்தில் எடை பாதிக்கும் கீழே வந்தது. தலைமையாசிரியருக்கும் மகிழ்ச்சி, எனக்கும் பெருமை. கழிப்பறைக்குப் பின்னால் மதிலோரம் காகங்கள் வழக்கத்துக்கு மாறாகக் கூடுவதைப் பார்த்து ஒருநாள் போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் சோறு காய்ந்து கிடந்தது. வாளியில் கொட்டினால் வகுப்புக்குக் கெட்ட பெயர் என்று மதிலைத் தாண்டி வீசியிருக்கிறார்கள். அதைவிட மோசம், ஐந்தாம் வகுப்புப் பெரிய பையன்கள் சிறிய பிள்ளைகளை மிரட்டித் தங்கள் சோற்றையும் தின்னவைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததற்கு அதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

அட்டவணையை அன்றே கிழித்தேன். 1956இல் காமராசர் காலத்தில் மதிய உணவு தொடங்கியதும், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கியதும், பசித்த பிள்ளை பள்ளிக்கு வர வேண்டும் என்பதற்காக. அந்தச் சோற்றின் முன் எந்தப் பிள்ளையும் கூனிக்குறுகக் கூடாது. பள்ளியில் உணவு வீணாவதைப் பற்றிப் பேச நினைக்கும் ஆசிரியர்கள் முதலில் இதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்: தனிப் பிள்ளையின் தட்டை நிறுக்காதீர்கள், வகுப்புகளை மோதவிடாதீர்கள். பள்ளி முழுவதற்கும் ஒரே எடை, அதுவும் வாரத்தில் ஒரு நாள் போதும்.

உண்மையில் மாற்றம் வந்தது கரண்டியில். சமையலர் அக்காவிடம் பேசியபோது, ‘அளவக் கொறச்சா எனக்குத்தான் கேள்வி வரும், டீச்சர்’ என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சமைக்கும் அளவையும் கொடுக்க வேண்டிய அளவையும் யாரும் குறைக்கவில்லை. ஒரே தடவையில் தட்டை நிரப்புவதை மட்டும் மாற்றி, முதலில் பாதி, பிறகு கேட்டவர்க்குக் கேட்ட அளவு என்று வைத்துக்கொண்டோம். மறுகரண்டிக்கு வரும் பிள்ளை வரிசையில் நிற்கத் தேவையில்லை, உட்கார்ந்த இடத்துக்கே அக்கா வருவார். மிகுந்த பசியுள்ள பிள்ளைகள் முன்பைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள்; காலையில் வீட்டில் சாப்பிட்டு வந்தவர்கள் பாதியோடு கை கழுவினார்கள். எடை மெதுவாகத்தான் இறங்கியது. 2023 ஆகஸ்டில் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்குக் காலை உணவுத் திட்டம் வந்தபோது மீண்டும் ஏறியது. அங்கேயும் அதே பாதிக் கரண்டி முறையைப் பழக்கிய பிறகு அடங்கியது.

வாளியில் விழுந்தவற்றுள் சோற்றுக்கு அடுத்தபடி கறிவேப்பிலையும் கீரையும் காய்த்துண்டுகளும்தான் மிகுதி. இங்கேதான் தோட்டம் நேராக உதவியது. தோட்டம் 112 பேருக்குச் சோறு போடும் என்று யாரும் கனவு காண வேண்டாம். தொடக்க வகுப்புக்கு 50 கிராம், மேல்வகுப்புக்கு 75 கிராம் காய்கறி என்ற கணக்கில் எங்கள் பள்ளிக்கு நாளொன்றுக்கு ஆறேழு கிலோ தேவை. நல்ல வாரத்தில் மூன்று சென்ட்டும் சேர்ந்து கொடுத்தது வாரத்துக்கே நான்கு கிலோதான். ஆனால் தாங்கள் பறித்துக் கொடுத்த வெண்டைக்காய் சாம்பாரில் மிதந்த நாளில், அதைத் தட்டோரம் ஒதுக்கியவர்கள் மிகக் குறைவு. எது எங்கள் வகுப்புப் பாத்தியின் காய் என்று கரண்டியிலேயே தேடினார்கள். ஆகவே விளைச்சலின் அளவைப் பார்த்துப் பயிரைத் தேர்ந்தெடுக்காமல், எது அதிகமாக ஒதுக்கப்படுகிறதோ அதையே பயிரிடத் தொடங்கினோம். முருங்கைக்கீரை, அரைக்கீரை, வெண்டை, கறிவேப்பிலை ஆகியவை அப்படி வந்தவை. கத்தரிக்காய்க்கு மட்டும் இந்த மந்திரம் பலிக்கவில்லை. அவர்களே வளர்த்த கத்தரியையும் ஒதுக்கத்தான் செய்தார்கள். தண்டுத்துளைப்பான் வேறு பாதியைத் தின்றுவிட்டதால் நாங்களும் அதை விட்டுவிட்டோம்.

முட்டை ஓடு பற்றி ஒரு வார்த்தை. வாரத்தில் ஐந்து நாளும் முட்டை உண்டு என்பதால் ஓடு மலைபோலச் சேரும். அதைக் கழுவிக் காயவைத்து இடித்துத் தூளாக்கிப் போட்டோம். ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். ஆனால் அது மண்ணில் மிக மெதுவாகத்தான் கரையும். தக்காளியின் அடிப்பகுதி கறுத்தபோது ஓட்டுத்தூளைக் கூட்டிக்கூட்டிப் போட்டுப் பயன் இல்லை. நீர் ஒருநாள் வெள்ளமாகவும் நான்கு நாள் வறட்சியாகவும் பாய்ச்சியதுதான் காரணம் என்று பிறகு புரிந்தது. சருகு மூடாக்குப் போட்டு ஈரத்தைச் சீராக்கியதும் பழம் தேறியது.

மக்காத குப்பைக்குத் தோட்டத்தால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான், அது காட்டிக்கொடுத்தது. ஐப்பசி மழை ஈரத்தில் ஆறு சிறு குழிகள் தோண்டி வாழையிலைத் துண்டு, தாள், பருத்தித் துணி, முட்டை ஓடு, பேனா ரீஃபில், மிட்டாய் உறை ஆகியவற்றைத் தனித்தனியாகப் புதைத்துக் குச்சி நட்டோம். 45ஆம் நாள் ஒருமுறை, 90ஆம் நாள் மறுமுறை தோண்டினோம். இலை போன இடம் தெரியவில்லை. தாள் கருமண்ணாகிக் கையோடு வந்தது. துணியில் நூல் மட்டும் சிலந்தி வலைபோல மிஞ்சியிருந்தது. மிட்டாய் உறையை எடுத்த ஏழாம் வகுப்பு மாணவி அதைப் பாவாடையில் துடைத்து, அதில் அச்சிட்டிருந்த விலையையும் தயாரித்த மாதத்தையும் உரக்கப் படித்தாள். எல்லோரும் சிரித்தார்கள், பிறகு அமைதியானார்கள். பிறந்த நாளுக்கு உறையிட்ட மிட்டாய் கொடுப்பதை விட்டுக் கடலை மிட்டாயோ வாழைப்பழமோ கொடுக்கலாம் என்பது அந்த வாரம் அவர்களே எடுத்த முடிவு. ஓராண்டுக்கு மேல் அது நிற்கிறது. பள்ளி எதிரே உள்ள பெட்டிக்கடையின் ஐந்து ரூபாய்ப் பொட்டலங்களை மட்டும் எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. பிள்ளைகள் மதிலுக்கு வெளியே நின்று தின்றுவிட்டு வருகிறார்கள், அவ்வளவுதான்.

இதே காரணத்தால் பிளாஸ்டிக் புட்டிகளை வெட்டி மதிலில் தொங்கவிடும் தோட்டத்தை நான் பரிந்துரைப்பதில்லை. பார்வையாளர் வரும் நாளில் படம் எடுக்க அது அழகாக இருக்கும். வெயிலில் காய்ந்து இற்றுப்போன பிறகு அதன் சில்லுகளைப் பாத்தியிலிருந்து பொறுக்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நாங்கள் நாற்று விடுவது கொட்டாங்குச்சியில். நடும்போது கண்ணைக் குத்தித் தட்டினால் வேர் கலையாமல் வந்துவிடும்.

இன்னொரு சறுக்கல் மே மாதம். 2023 கோடை விடுமுறையில் தண்ணீர் விட ஆளில்லாமல் தட்டு கழுவும் குழாயடியின் வாழையும் முருங்கையும் தவிர எல்லாம் கருகின. வேலியின் இடைவெளியில் புகுந்த ஆடு மீதியைப் பார்த்துக்கொண்டது. திறப்பு நாளில் வந்து நின்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த பிறகு, பள்ளித் தோட்டத்துக்குப் பள்ளி நாட்காட்டிதான் பட்டம் என்று முடிவுசெய்தோம். சித்திரைக்குள் முடியும் பயிர்களை மட்டும் விதைப்பது, பங்குனியில் விதை எடுத்துச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து வகுப்புவாரியாகப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவது, மே மாதம் பாத்தியை ஒரு சாண் உயரச் சருகால் மூடிவைப்பது, தாங்கும் மரங்களின் அடியில் விளிம்பு உடைந்த மண்பானையைப் புதைத்து வாரம் ஒருமுறை நிரப்ப அருகிலிருக்கும் ஒரு வீட்டைக் கேட்டுக்கொள்வது என்று அடுத்த ஆண்டு மாற்றினோம். சருகை எரித்த காலத்தில் மே மாதத்துக்கு எங்களிடம் போர்வையே இருந்திருக்காது.

2024–25இல், மண்புழுவுக்குத்தானே என்று சொன்ன அந்த மாணவன் எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தான்; வாராந்தர எடையைக் குறிப்பது அவன் பொறுப்பு. தை மாதத்தில் ஒருநாள் நோட்டுடன் வந்து, வாளி ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போவதில்லை, இரண்டு தொட்டிப் புழுவுக்கும் தீனி போதவில்லை, என்ன செய்வது என்று கேட்டான். பிள்ளைகளை வீட்டுக் காய்கறித் தோலைக் கொண்டுவரச் சொல்லலாமா என்று நான் யோசித்தேன். அவன் வேண்டாம் என்றான். ஒரு தொட்டிப் புழுவை மற்றதில் சேர்த்துவிட்டு, காலியான உறையில் மண் நிரப்பிக் கறிவேப்பிலைக் கன்று வைத்தோம். சமையலர் அக்கா இப்போது அதில்தான் தாளிப்புக்குக் கிள்ளுகிறார்.